கடற்காற்று வரும் நேரம்

காற்று இப்போது வந்துவிடும் என்றுதான் கிருபாகரன் நினைத்துக்கொண்டிருந்தார். கரண்ட் காலையிலேயே, வேணி இட்லி தின்று முடிப்பதற்குள் போய்விட்டது. அப்புறம் இன்வெர்ட்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்து வந்தது, சற்று முன்னால் அதுவும் கீச்சு கீச்சென்று கத்திவிட்டு ஓய்ந்தது. மின்விசிறியின் இறக்கைகள் தனித்தனியாகத் தெரிய ஆரம்பித்தன. கட்டிலில் படுத்திருந்த மனைவி வேணியைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கிழக்கு, கிழக்கில் கடல். மடிப்பாக்கத்துக்குக் கடல் ஒன்றும் பக்கத்தில் இல்லை, ஆனாலும் காற்றுக்கு அது ஒரு தூரமா என்ன. பகலில் நிலம் விரைவில் சூடாகிறது, நிலத்தின் மேலுள்ள காற்று சூடாகி மேலெழும்புகிறது, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வீசுகிறது. பூகோள வாத்தியாராக இருந்த காலம் முழுக்க, வருஷம் தவறாமல் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு நடத்திய பாடம். ஓய்வு பெற்ற பிறகும் வாய் தானாகச் சொல்கிறது. அம்புக்குறிக்குக் குறுக்கே ஒரு கட்டடத்தை நிறுத்தினால் என்ன ஆகும் சார் என்று எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை. கேட்டிருந்தால், காற்று சுற்றிக்கொண்டு வரும், உட்கார் என்று சொல்லியிருப்பார். சுற்றிக்கொண்டே வரட்டும். வந்தால் அறை ஆறும், அறை ஆறினால் வேணி தண்ணீர் கேட்கமாட்டாள்.

"ஒரு வாய் குடுங்க" என்றாள் வேணி. "இப்பத்தானே குடிச்ச" என்றார். "அது எப்பவோ." எப்பவோதான். அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்வதை நிறுத்திவிட்டன. ஒரு நாள் விட்டு ஒரு நாள் டயாலிசிஸ். குடிக்கிற தண்ணீருக்கு வெளியே போக வழி கிடையாது, அது காலில் இறங்கும், முகத்தில் ஊறும், கடைசியில் நெஞ்சில் போய் நிற்கும். போன மாதம் நின்றது. விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்து, மூழ்குகிறவள் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினாள். ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்த டாக்டர் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை, அவரைத்தான் வராந்தாவுக்கு அழைத்துப்போனார். "தண்ணி விஷயத்துல நீங்க கண்டிப்பா இருக்கணும் சார். அவங்க கேப்பாங்க. நீங்க குடுக்கக் கூடாது." அன்றிலிருந்து வீட்டில் ஒரு சின்ன பாட்டில். காபி, மோர், ரசம், மாத்திரைக்கு விழுங்குவது எல்லாம் போக அந்த பாட்டிலில் மிச்சம் இருப்பதுதான் அவளுடைய நாள். அதைப் பீரோ மேல் வைத்திருக்கிறார். தாகம் தாங்காதபோது ஐஸ் கட்டி ஒன்றை நாக்கில் வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தார்கள். கரண்ட் போனதில் ஐஸ் கட்டிகள் தட்டிலேயே தண்ணீராகிவிட்டன. ஐஸ் கட்டியாக இருந்தால் கொடுத்திருப்பார். அதே அளவுதான், ஆனால் தண்ணீரானதும் கை வரவில்லை. தண்ணீருக்குத் தண்ணீர் என்று பெயர் வந்தவுடன் டாக்டரின் குரல் காதுக்குள் கேட்டுவிடுகிறது.

ஈரத்துணியால் அவள் உதட்டைத் துடைத்தார். அவள் துணியின் நுனியைப் பல்லில் பிடித்துக்கொண்டாள். மெதுவாக இழுத்தார், விடவில்லை, இன்னும் கொஞ்சம் இழுத்தபோது விட்டாள். இதை யாரும் பார்க்கவில்லை என்று ஒரு நிம்மதி வந்தது, உடனே அந்த நிம்மதியை நினைத்து அசிங்கமாக இருந்தது. அவளுடைய இடது முழங்கையில் விரலை வைத்தார். டயாலிசிஸுக்காக ஒரு ரத்தக்குழாயை இன்னொன்றோடு சேர்த்துத் தைத்த இடம் அது, கயிறு மாதிரி புடைத்திருக்கும். தொட்டால் உள்ளே ரத்தம் பாய்வது பூனை உறுமுகிற மாதிரி விரலுக்குத் தெரியும். உறுமல் குறைந்தால் உடனே போன் பண்ணுங்கள், நின்றால் போன்கூட வேண்டாம், அழைத்து வந்துவிடுங்கள் என்று சென்டரில் சொல்லியிருந்தார்கள். உறுமுகிறது. குறைந்திருக்கிறதா. நேற்று எப்படி இருந்தது. நேற்றைய உறுமலை விரல் எப்படி ஞாபகம் வைத்திருக்கும். இன்னொரு விரலை வைத்துப் பார்த்தார். தன் விரலே நடுங்குகிறதோ என்று சந்தேகம் வந்தது, அப்படியானால் உறுமுவது அவளா தானா. கையை எடுத்துக் கட்டில் சட்டத்தில் வைத்துப் பார்த்தார். சட்டமும் நடுங்குகிற மாதிரித்தான் இருந்தது. ஆமாம், உண்மையாகவே நடுங்குகிறது. எதிர்க்கட்டடத்து ஜெனரேட்டர்.

அந்தக் கட்டடத்துக்குக் கரண்ட் போவதில்லை. தெரு முழுக்க இருட்டானாலும் அதன் வயிற்றில் ஒரு ஜெனரேட்டர் ஓடும். எட்டு மாடி, தலை முதல் கால் வரை நீலக் கண்ணாடி, உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலை செய்கிற பிள்ளைகள். முகப்பு அந்தப் பக்கத்துச் சாலையில். இந்தப் பக்கம் காட்டுவது முதுகு. முதுகுக் கண்ணாடிக்கு நடுநடுவே ஏசி இயந்திரங்கள் வரிசை வரிசையாக வாயைத் திறந்து இங்கேதான் ஊதுகின்றன. உள்ளே இருந்து எடுத்த சூட்டை எங்கேயாவது விடத்தானே வேண்டும், அவர்கள் விடுகிற எங்கேயாவதில் கிருபாகரனின் படுக்கையறை இருந்தது. இந்த வீட்டை வாங்க வந்த அன்று அந்த இடத்தில் வேலிகாத்தான் புதர்தான். பில்டரின் ஆள் தன் கைக்குட்டையை எடுத்து இதே ஜன்னலுக்கு வெளியே நீட்டினான், அது படபடவென்று அடித்துக்கொண்டது. மேல் மாடி எடுங்க சார், கீழே பார்க்கிங் மட்டும்தான், மூணாவது மாடிக்கு ஃபேனே தேவைப்படாது என்றான். வேணி சிரித்துக்கொண்டு, சேலை காயப்போட்டா பறந்துடும் போல இருக்கே என்றாள். ஜன்னலுக்கு மேல் சன்ஷேடு இல்லையே என்று அவர் கேட்டார், கேட்டது நன்றாக நினைவிருக்கிறது. அதெல்லாம் பழைய மாடல் சார், எலிவேஷன் கெட்டுடும் என்றான். எலிவேஷன் என்றால் வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு வீடு தெரிகிற விதம். உள்ளே இருப்பவர்களுக்குத் தெரிகிற விதத்துக்கு என்ன பெயர் என்று அவன் சொல்லவில்லை. பிறகு புதர் போயிற்று, குழி தோண்டினார்கள், ஒவ்வொரு மாடியாக எழும்பியது. ஒவ்வொரு மாடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேலை ஆடுவது குறைந்தது. எந்த நாளில் நின்றது என்று சொல்ல முடியாது. மழைநீர் வடிகாலுக்காகத் தெருவின் தூங்குமூஞ்சி மரங்களை எடுத்ததும் அந்தச் சமயத்தில்தான். அப்புறம் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் மண் தெரியாமல் டைல்ஸ்.

வெயில் மேற்கே சாய ஆரம்பித்துவிட்டது, அதுதான் அவருக்குப் பயம். காலை வெயிலைக் கண்ணாடிக் கட்டடம் மறைத்துக்கொள்ளும், அந்த மட்டுக்கும் அதற்கு நன்றி சொல்லலாம். மத்தியானத்துக்கு மேல் வெயில் இந்தப் பக்கம் சமையலறைச் சுவரில் நேராக விழும், எதிர்க் கண்ணாடியில் பட்டுத் திரும்பிவந்து படுக்கையறையிலும் விழும். மேற்கே ஒரு சூரியன், கிழக்கே ஒரு சூரியன். எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத சாயங்காலம். திரைச்சீலையை இழுத்துவிட்டால் புழுங்குகிறது, திறந்தால் சுடுகிறது. தலைக்கு மேல் கான்கிரீட் தளம். கையை உயர்த்தி உள்ளங்கையைக் காட்டினால் தோசைக்கல்லின் மேல் கை வைத்துப் பார்க்கிற மாதிரி, தொடாமலேயே தெரிகிறது. பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரி முழுக்க வெளியே விடும். அது மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம். மொட்டை மாடிக்கு வெள்ளைப் பூச்சு அடித்தால் சூடு பாதியாவது குறையும் என்று அசோசியேஷன் கூட்டத்தில் சொல்லிப் பார்த்தார். செயலாளர் கோவர்த்தன், இரண்டாவது மாடி, மரியாதையான ஆள்தான், மரியாதையாகத்தான் சொன்னார். "அது மேல் வீட்டுப் பிரச்சினை சார். பொதுப் பணத்துல எப்படிப் பண்றது." எல்லோரும் தலையாட்டினார்கள். பக்கத்து மேல் வீடு பூட்டிக் கிடக்கிறது, சொந்தக்காரர் மஸ்கட்டில். ஆக மேல் வீடு என்பது இவரும் வேணியும்தான். தளத்தில் தண்ணீர் தெளிக்கக்கூடாது, ஒழுகும் என்று ஒரு அறிவிப்பு அதற்கடுத்த வாரம் லிஃப்ட் கதவில் ஒட்டியிருந்தது. பார்க்கிங்கில் யாரும் உட்காரக் கூடாது என்ற பழைய அறிவிப்புக்குப் பக்கத்தில்.

தெளித்தால் என்ன. ஒழுகினால் ஒழுகட்டும், ஒழுகுவது தண்ணீர்தானே, நெருப்பு இல்லையே. வேணி கண்ணை மூடியிருந்தாள். தூங்குகிறாளா, இல்லை வேறு ஏதாவதா. "வேணி" என்றார். "ம்" என்றாள். "மேல போய் கொஞ்சம் தண்ணி ஊத்திட்டு வரேன். எழுந்திருக்காத." அவள் கண்ணைத் திறக்காமல், "தரைக்கு ஊத்துவீங்க" என்றாள். அவர் புரியாத மாதிரி நின்றார், புரிந்ததால் சீக்கிரம் வெளியே போனார். மொட்டை மாடிக் கதவின் தாழ்ப்பாள் கையைச் சுட்டது. டாங்க் குழாயைத் திறந்து வாளியை நிரப்பி, படுக்கையறை எந்தப் பக்கம் என்று மனசால் அளந்து ஊற்றினார். தண்ணீர் விழுந்த இடம் சற்றுக் கறுத்தது, விளிம்பிலிருந்து வெளுத்துக்கொண்டே வந்தது. இன்னொரு வாளி. செருப்புக்குள்ளும் சூடு ஏறியது. குழாயில் வாய் வைத்துத் தானும் குடித்தார், சுடுதண்ணீர், அதைக்கூட நிறுத்த முடியாமல் குடித்தார். இங்கிருந்து பார்த்தால் கண்ணாடிக் கட்டடத்தின் உச்சிக்கும் வானத்துக்கும் நடுவில் ஒரு கொடி பறந்துகொண்டிருந்தது. ஏதோ கம்பெனிக் கொடி. பறந்துகொண்டிருந்தது. கிழக்கிலிருந்து மேற்காக. அப்படியென்றால் காற்று வந்துவிட்டது. எப்போதோ வந்துவிட்டது. அந்த உயரத்தில் வந்து அவர்கள் தலைக்கு மேலே போய்க்கொண்டிருக்கிறது, கீழே இறங்கவில்லை. அவர் இத்தனை நேரம் ஜன்னலில் உட்கார்ந்து எதற்காகக் காத்திருந்தாரோ அது தாம்பரம் பக்கம் போயே சேர்ந்திருக்கும். வாளியைக் கீழே வைத்தார். இனிமேல் வருவதற்கு ஒன்றும் இல்லை என்ற நினைப்பு அப்போதுதான் முழுதாக உறைத்தது. அதன் பின்னாலேயே இன்னொன்றும் வந்தது: வேணி தனியாக இருக்கிறாள், பிரிட்ஜில் தட்டு நிறையக் கரைந்த ஐஸ் இருக்கிறது.

ஓடி இறங்கினார். கட்டில் காலி. பிரிட்ஜ் மூடியிருந்தது. மூடியிருந்தால் என்ன, குடித்துவிட்டு மூடியிருக்கலாம். குளியலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். கன்னத்தைச் சுவர் டைல்ஸில் ஒட்டவைத்திருந்தாள், மடியில் மக், முடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "குடிச்சியா" என்று கேட்டார். "மூஞ்சியிலதான் ஊத்திக்கிட்டேன்." "எவ்வளவு குடிச்ச? சொல்லிடு, நாளைக்கு அங்க எடை பாக்கும்போது எப்படியும் தெரியும்." "குடிக்கல." "வாயைத் திற" என்றார். வகுப்பில் மிட்டாய் தின்ற பிள்ளையிடம் சொல்கிற குரல், எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. வேணி அவரை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. வாயைத் திறந்தாள். நாக்கு வறண்டு, நடுவில் பிளந்து, வெயிலில் கிடந்த தோல் செருப்பு மாதிரி இருந்தது. அதை நீட்டிக்கொண்டே இருந்தாள், அவர் பார்த்து முடிக்கட்டும் என்று. "போதும்" என்றார். தூக்கி நிறுத்தினபோது கண் சொருகி அவர் மேல் சாய்ந்தாள். அவளை இப்படி எத்தனை முறை தூக்கியிருக்கிறார், டயாலிசிஸ் முடிந்து ஆட்டோவில் ஏற்ற, கட்டிலில் விட. இன்று ஏதோ கணக்குத் தப்பிய மாதிரி, மாடிப்படியில் இல்லாத படிக்குக் காலை வைத்த மாதிரி, கை எதிர்பார்த்த பளு கையில் வரவில்லை.

டயாலிசிஸ் சென்டரில் போனை எடுத்தது டெக்னீஷியன் இன்பராஜ். ஊசி குத்தும்போது வேணியிடம் சினிமாக் கதை சொல்லி வலி தெரியாமல் பார்த்துக்கொள்கிற பையன். தலை சுற்றுகிறதா, கை கால் இழுக்கிறதா, மூச்சு வாங்குகிறதா, கால் வீங்கியிருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டான். காலில் விரலால் அமுக்கிப் பார்த்தார். குழி விழவில்லை. இதை ஏன் முன்னாலேயே பார்க்கத் தோன்றவில்லை, நெஞ்சில் நீர் ஏறிவிடும் என்ற ஒரே பயத்தில் மற்ற பயங்களை எல்லாம் எங்கே வைத்தார். "எடை பாருங்க சார்" என்றான். கட்டிலடியிலிருந்து எடை மெஷினை இழுத்து, அவள் அக்குளைப் பிடித்து நிறுத்தி, தன் பளு அதில் சேரக்கூடாதே என்று விரல் நுனியால் மட்டும் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். டிரை வெயிட் என்று சென்டரில் ஒரு எடை வைத்திருப்பார்கள், உடம்பில் அதிகப்படி நீர் எதுவும் இல்லாதபோது இருக்க வேண்டிய எடை. வீட்டிலிருந்து போகும்போது எப்போதும் அதற்கு மேலேதான் இருப்பாள், அந்த அதிகத்தைத்தான் இயந்திரம் எடுக்கும். இப்போது அதற்குக் கீழே இருந்தாள். ஒரு கிலோவுக்கும் மேல் கீழே. மெஷின் கெட்டுப்போச்சா என்று தானும் ஏறிப் பார்த்தார். கெடவில்லை.

"சார், லைன்ல இருக்கீங்களா? அவங்க காஞ்சு போயிருக்காங்க. வேர்வையிலயே எல்லாம் போயிருக்கு. டாக்டர் பக்கத்துலதான் இருக்காரு, கேட்டுட்டேன். ஒரு டம்ளர் தண்ணி குடுங்க, மடக்கு மடக்கா. அரை மணி கழிச்சு இன்னொண்ணு. முதல்ல அந்த ரூமை விட்டு வெளிய கூட்டிட்டுப் போங்க. தலை சுத்தல் நிக்கலன்னா இங்க வந்துடுங்க." கிருபாகரன் எவர்சில்வர் டம்ளரில் பாட்டிலைக் கவிழ்த்தார், மிச்சம் இருந்தது பாதிக்குத்தான் வந்தது, குடத்திலிருந்து நிரப்பினார். நிரப்பும்போது கை நின்றது. கொடு என்று சொல்லியாயிற்று, டாக்டரே சொல்லியாயிற்று, இருந்தும் நின்றது. வேணி இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு, குடிக்காமல், "முழுசுமா?" என்று கேட்டாள். "முழுசும்" என்றார். அவள் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்க்க முடியாமல் சமையலறைக்குப் போய் நின்றார். தினமும் காலையில் எடை பார்த்திருந்தால். டாக்டர் சொன்ன கணக்கு ஒரு சாதாரண அறையில் இருக்கிற நோயாளிக்கான கணக்கு, அவர் இந்த அறையைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தவர் இவர்தான். இன்றைக்குப் போன் பண்ணாமல் இருந்திருந்தால். அதற்கு மேல் அந்த நினைப்பை நகர விடாமல் சுவரில் கை வைத்தார், சுட்டது, எடுத்தார், மறுபடி வைத்தார்.

அழைப்புமணிக்குக் கரண்ட் இல்லாததால் கதவைத் தட்டினார்கள். கோவர்த்தன். "மேல தண்ணி ஊத்தினது நீங்களா சார்? பைப்ல இறங்கி எங்க பால்கனி பூரா..." என்று ஆரம்பித்தவர் வாசலைத் தாண்டி உள்ளே ஒரு அடி வைத்தார், வாக்கியத்தை முடிக்கவில்லை. சமையலறையில் அடுப்பு எரிகிறதா என்று எட்டிப் பார்த்தார். எரியவில்லை. மேலே பார்த்தார். கண்ணாடிக் கட்டடத்தின் வெயில் ஹால் வரை நீண்டு அவர் சட்டையில் விழுந்தது, நெற்றியில் வேர்வை பொட்டுப் பொட்டாகக் கிளம்பியது. "எப்பவும் இப்படியா?" என்றார். பதில் என்று எடுத்தால் புதரிலிருந்து, கைக்குட்டையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். "இவளைக் கீழ இறக்கணும். லிஃப்ட் ஓடல. ஒரு கை பிடிங்க" என்றார் கிருபாகரன். பிளாஸ்டிக் நாற்காலியில் வேணியை உட்காரவைத்து ஆளுக்கு ஒரு பக்கம் தூக்கினார்கள். ஒவ்வொரு மாடி இறங்கும்போதும் சூடு ஒரு போர்வை உரிந்த மாதிரி குறைந்தது. கோவர்த்தன் தன் வீட்டு வாசலைத் தாண்டும்போது அதை ஒரு முறை பார்த்துவிட்டுப் பிடியை மாற்றிக்கொண்டார்.

பார்க்கிங்கில் இரண்டு கார்களுக்கு நடுவே நிழலாக இருந்தது. நான்கு பக்கமும் சுவரில்லாததால் காற்று என்று சொல்ல முடியாவிட்டாலும் ஒரு நடமாட்டம் இருந்தது. தரை குளிர்ந்திருந்தது. வேணி செருப்பில்லாத காலைத் தரையில் பதித்து விரல்களை விரித்தாள். கிருபாகரன் முழங்கையில் விரல் வைத்தார். உறுமியது. இங்கே ஜெனரேட்டரின் நடுக்கமும் இருந்தது, இருந்தும் இது அவளுடையதுதான் என்று தெரிந்தது, கொஞ்ச நேரத்துக்காவது தெரிந்தது. சாயங்காலம் மறுபடி மேலே ஏற வேண்டும், ராத்திரி தளம் சூட்டை இறக்கும், நாளைக்கு மறுபடி இதே வெயில், சித்திரை பாதிகூட ஆகவில்லை, இன்னும் வைகாசி இருக்கிறது, இன்னும் கத்திரி இருக்கிறது. நினைப்பு ஓட ஆரம்பித்தது, அவர் அதைப் பின்தொடர்ந்து ஓடினார். கோவர்த்தன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "ஞாயித்துக்கிழமை மீட்டிங்ல அந்தப் பூச்சு விஷயத்தை மறுபடி எடுக்கலாம் சார். நானே பேசறேன்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். சரி சார், ரொம்ப நன்றி சார் என்று சொல்லக் கிருபாகரனுக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவர் சொல்வதற்குள் வேணி கண்ணைத் திறந்தாள்.

"பேசுங்க" என்றாள் கோவர்த்தனிடம். குரல் மெலிந்திருந்தாலும் தெளிவாக இருந்தது. "பேசி முடிச்சு, அடிச்சு முடிக்கிற வரைக்கும் பகல்ல நான் இங்கதான் இருப்பேன்." கோவர்த்தன் கிருபாகரனைப் பார்த்தார். கிருபாகரன் லிஃப்ட் கதவில், பார்க்கிங்கில் உட்காரக் கூடாது என்று ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்தார், அப்புறம் வேணியைப் பார்த்தார். "பாயும் தலைகாணியும் எடுத்துட்டு வாங்க" என்றாள் அவரிடம். "அந்த இன்னொரு டம்ளரையும்." அவர் படியேறினார். முதல் மாடி வரை ஒன்றும் தெரியவில்லை, இரண்டாவது மாடித் திருப்பத்தில் மேலேயிருந்து சூடு இறங்கிவந்து முகத்தில் மோதியது. ஏறிக்கொண்டே இருந்தார்.